மேரி கொரெல்லி அம்மையார்

உலகில் நூலியற்றிப் புகழ்பெற்றார் இருதிறத்தினர். கற்றோர் போற்றுதலால் காலங்கடந்து நிற்பார் ஒரு திறத்தினர். தம் காலத்துப் பொதுமக்கள் தலைமேற்கொண்டு கொண்டாட வாழ்ந்து, மறைந்தபின் மறக்கப்படுவார் மற்றொரு திறத்தினர். முன்னவர் சரித்திரங்களை எழுதுவார் பலர் உளர். பின்னவரை எடுத்துரைப்பார் சிலரே. ஆயினும், ஒரு காலத்து மக்கள் எதை அஞ்சினர், எதை விரும்பினர், எந்த ஆறுதலை நாடினர் என்பதை அறிய வேண்டுவார்க்குப் பின்னவர் சரித்திரமே பெரிதும் பயன்படுவதாகும். அத்திறத்தாருள் ஆங்கில நாட்டில் தலைநின்றவர் மேரி கொரெல்லி அம்மையார். காதலையும் ஆவியுலகத்தையும் ஒன்றாகப் பிணைத்து அவர் எழுதிய நாவல்கள், சற்றேறக்குறைய முப்பதாண்டுக் காலம் பல நாட்டு மக்களின் உள்ளத்தைக் கவர்ந்தன. நம் நாட்டிலும் ஆங்கிலம் பயின்றோர் அவற்றை நூல்நிலையங்களிற் பெற்று ஆவலுடன் படித்தனர். அவ்வம்மையாரின் வாழ்க்கை, அவர் எழுதிய கதைகளினும் சிந்திக்கத் தக்கதாதலின், அதனை ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

பிறப்பும் இளமையும்

அம்மையார் 1855-ஆம் ஆண்டு மே மாதம் 1-ந் தேதி லண்டன் மாநகரிற் பிறந்தார். தந்தையார் சார்லஸ் மாக்கே என்பவர் ஸ்காத்லாந்து தேசத்தவர், கவிஞர், பத்திராதிபர், மக்கட் கூட்டங்கள் அவ்வப்போது கொள்ளும் மயக்கங்களையும் பித்துக்களையும் ஆராய்ந்து 1841-ல் அவர் வெளியிட்ட நூல் இன்றும் வாசிக்கப்படுகின்றது. தாயார் எலிஸபெத் மில்ஸ் என்பவர். குழந்தை பிறந்த காலத்தில் இவ்விருவர்க்கும் மணம் நிகழ்ந்திலது. மாக்கேயின் முதல் மனைவியார் காலஞ்சென்ற பின்னரே, 1861-ல் அவர்கள் மணம் புரிந்துகொண்டனர்.

அக்கால ஆங்கில சமூகத்தில் மணத்திற்குப் புறம்பே பிறந்த குழந்தைக்கு நேர்ந்த இழிவு சிறிதன்று. சட்டம் அக்குழந்தையைத் தந்தையின் வாரிசாகக் கொள்ளவில்லை. உயர்குடியினர் தம் இல்லத்துள் அனுமதிப்பதுமில்லை. பெற்றோர் செய்த குற்றத்திற்குக் குழந்தை தண்டனை ஏற்றது. ஆகவே மாக்கே தம் சொந்த மகளையே தாம் எடுத்து வளர்க்கும் பெண்ணென்று உலகத்தாருக்குச் சொல்லிவந்தார். மின்னி மாக்கே என்ற பெயருடன் அச்சிறுமி, சர்ரே நாட்டிலுள்ள பாக்ஸ்ஹில் குன்றின் அடிவாரத்தே தனிமையில் வளர்ந்தாள். அண்டையில் வாழ்ந்தவர் பெருநாவலாசிரியரான ஜார்ஜ் மெரடித். தந்தையாரின் புத்தக அலமாரியும் பியானோ வாத்தியமுமே சிறுமிக்குத் தோழராயின. 1866-ல், பதினொன்றாம் வயதில், பாரிஸ் நகரத்துக் கன்னிமாடம் ஒன்றிற் கல்விபயில அனுப்பப்பட்டு, நான்காண்டு கழித்துத் திரும்பினாள். தெய்வபக்தியும் கனவு காணும் இயல்பும் அங்கே வேரூன்றின.

1876-ல் தாயார் இறந்தார். அதன்பின் பெர்த்தா வைவர் என்னும் தோழியார் அவ்வில்லத்திற்கு வந்து குடும்பப் பொறுப்பை ஏற்றார். வந்தவர் போகவில்லை. நாற்பதாண்டுகளுக்கு மேலாக, அம்மையாரின் இறுதி மூச்சுவரை, உடனிருந்து காத்தவர் இவரே. உற்றாரும் பெற்றாரும் தாராத உறுதுணையை ஒரு தோழியார் தந்தமை இச்சரித்திரத்தில் மறக்கலாகாத செய்தி.

புதிய பெயர்

1883-ல் தந்தையார் பாரிசவாயுவாற் பீடிக்கப்பட்டார். வருவாய் குன்றியது, குடும்பம் வறுமையுற்றது. தாம் கற்ற சங்கீதத்தைக் கொண்டு பொருளீட்டக் கருதிய அம்மையார், 1884-ஆம் ஆண்டு டிஸம்பரில் லண்டனில் பியானோக் கச்சேரி ஒன்று நடத்தினார். அதற்கென அவர் மேற்கொண்ட பெயரே மேரி கொரெல்லி என்பது. கொரெல்லி என்பது பதினேழாம் நூற்றாண்டில் இத்தாலியில் விளங்கிய பெருஞ் சங்கீத வித்துவானின் குடிப்பெயர். தாம் வெனிஸ் நகரத்து மரபினரென்றும், அவ்வித்துவானின் வழித்தோன்றலென்றும் அம்மையார் சொல்லிக்கொண்டார். வயதிலும் ஏறக்குறையப் பத்தாண்டு குறைத்துக் கூறிவந்தார். இவற்றுள் ஒன்றும் உண்மையன்று. பொய்யுரை புகழத்தக்கதன்று என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும் அப்பொய்யை அவருக்குக் கற்பித்தவர் யார்? பிறப்பைக் கொண்டே மனிதரை அளந்த சமூகம் அன்றோ? தந்தை முதலிற் சொன்ன பொய்யையே மகள் பெரிதாக்கிக் கொண்டாள்.

முதல் நூல்

சங்கீதத்தால் குடும்பத்தைக் காக்க இயலாதெனக் கண்ட அம்மையார் எழுதத் தொடங்கினார். முதல் நாவலை லண்டனில் ஜார்ஜ் பென்ட்லி என்னும் பதிப்பாளருக்கு அனுப்பினார். கையெழுத்துப் பிரதிகளைப் படித்துக் கருத்துரைக்க அவர் அமர்த்தியிருந்த அறிஞர்கள் அதனை வெறுத்துத் தள்ளினர். அவர்களுள் ஒருவர், பின்னாளில் நாவலுலகில் அம்மையாருக்குப் போட்டியாக விளங்கிய ஹால் கேய்ன். இத்தனை பேரும் ஒருமுகமாக வெறுப்பதற்கு அதில் என்ன இருக்கின்றதென்று ஐயுற்ற பென்ட்லி, தாமே அதனை வாங்கிப் படித்தார், வெளியிட முடிவுசெய்தார். 1886-ல் வெளிவந்த அந்நூலின் பெயர் இரண்டு உலகங்களின் காதற்கதை என்று தமிழிற் பொருள்படும்.

உடல் நலிந்து, உயிர்வாழ்வில் வெறுப்புற்ற ஓர் இளம் பியானோ வித்தகி, பாரிஸில் வாழும் ஹீலியோபாஸ் என்னும் கல்தேய ஞானியை அடைகின்றாள். ஒவ்வோர் உயிரினுள்ளும் ஒருவகை மின்சக்தி உறைகின்றது என்பது அவர் கொள்கை. அவர் துணையால் அவள் ஆன்மா உடலை நீங்கி வேற்றுலகங்களிற் சஞ்சரித்து, கடவுளின் உண்மையை அறிந்து திரும்புகின்றது. கதை இவ்வளவே. பத்திரிகைகளில் இதற்கு வந்த மதிப்புரைகள் நான்கே, நான்கும் சிறியவை, நான்கும் இகழ்ந்தவை என்று அம்மையாரே பின்னர் எழுதியுள்ளார்.

ஆனால் பத்திரிகைகள் வாய் மூடியிருக்க, மக்கள் வாய் திறந்தனர். படித்தவர் பிறருக்குச் சொல்ல, நூல் கைமாறிக் கைமாறிச் சென்றது. கண்டறியாத ஊர்களிலிருந்து கடிதங்கள் குவிந்தன. மக்களை இழந்தோர், நம்பிக்கை இழந்தோர், உயிரைப் போக்கிக்கொள்ள எண்ணியிருந்தோர் ஆகியோர் இந்நூலாற் பெற்ற ஆறுதலை எழுதினர். அக்கடிதங்கள் சிலவற்றைப் பிற்பதிப்புகளின் இறுதியில் அம்மையார் சேர்த்து அச்சிட்டார்.

இதன் காரணம் அறியத்தக்கது. டார்வின் முதலியோர் ஆராய்ச்சிகளால் மேனாட்டாரின் பழைய மதநம்பிக்கை தளர்ந்திருந்த காலம் அது. தந்தியும் மின்விளக்கும் கண்ணுக்குப் புலனாகாத சக்திகளை நாள்தோறும் மெய்ப்பித்து வந்தன. ஆவிகளை ஆராயும் கழகமொன்று 1882-ல் லண்டனில் நிறுவப்பட்டது. அதே ஆண்டில்தான் தியாஸபி சங்கம் சென்னை அடையாற்றைத் தனக்குத் தலைமை நிலையமாகக் கொண்டது. அறிவியலைக் கைவிடவும் மனமின்றி, கடவுளைக் கைவிடவும் துணிவின்றித் திகைத்து நின்ற எளிய மக்களுக்கு, இரண்டும் ஒன்றே என்று ஒரு காதற்கதை வாயிலாக உறுதி கூறினார் அம்மையார். ஆவிகளை அழைத்துப் பேசுவோரையும் தியாஸபியையும் அவர் ஏற்றாரல்லர். தம் கிறிஸ்தவ மதத்திற்குத் தாமே ஒரு புதுப்பொருள் கண்டார்.

காதலும் மறுபிறப்பும்

1889-ல் வெளிவந்த ஆர்தாத் என்னும் நாவலில், நம்பிக்கையற்ற கவிஞனொருவன் பாபிலோன் நகரின் பாழ்நிலத்திற் கண்ணயர்ந்து, ஆயிரக்கணக்கான ஆண்டுகட்கு முற்பட்ட நகரமொன்றில் விழிக்கின்றான். அங்கே அரசவைப் புலவனாய்ச் செருக்குற்றுத் திரியும் ஒருவனைக் கண்டு வியக்கின்றான். அவனே முற்பிறப்பில் தானென்று பின்னர் உணர்கின்றான். அவனைக் காதலித்த வானுலக நங்கை, முடிவில் மானிட வடிவெடுத்து அவனை மணக்கின்றாள். 1892-ல் வந்த லிலித்தின் ஆன்மா என்னும் நூலோ இதற்கு எதிரானது. இறந்த சிறுமியொருத்தியின் உடலை மருந்தால் அழியாது காத்து, அவள் ஆன்மாவை ஏவி அண்டகோடிகளின் இரகசியங்களை அறிய முயல்கின்றான் ஒரு கீழ்நாட்டு ஞானி. ஆராய்ச்சி காதலாக மாறுகின்றது. தனக்கே உரியவளென்று அவளைப் பற்ற முனைந்த கணத்தே ஆன்மா பறந்தொழிகின்றது, உடல் துகளாகின்றது, அவனும் அறிவு மயங்குகின்றான். 1897-ல் எழுதிய சிஸ்கா என்பதில், பண்டை எகிப்தில் தன் காதலனாற் கொலையுண்ட நாட்டியப் பெண், கெய்ரோ நகரத்து உல்லாச விடுதியில் ஓர் இளவரசியாகத் தோன்றுகின்றாள். பிரெஞ்சு ஓவியனாகப் பிறந்திருக்கும் பழைய காதலனைப் பிரமிடின் அடியிலுள்ள நிலவறைக்கு அழைத்துச் செல்கின்றாள். பழிவாங்க வந்தவள் இறுதியில் மன்னித்துவிடுகின்றாள்.

மறுபிறப்பும் வினைப்பயனும் நம் நாட்டார்க்குப் புதியன அல்ல. மேனாட்டாருக்கோ அவை பெரும் புதுமையாயின. ஆவிகளையும் தேவர்களையும் அசுரர்களையும் காதலராக வைத்து இக்காலத்து ஆங்கிலத்தில் எண்ணிறந்த நாவல்கள் எழுதப்படுகின்றன. அவ்வகைக்கு வழி வகுத்தோருள் இவ்வம்மையாரும் ஒருவர்.

புலவருலகின் பகை

1894-க்கு முன் ஆங்கில நாவல்கள் பெரும்பாலும் மும்மூன்று பாகங்களாக வெளிவந்தன. விலை முப்பத்தொன்றரை ஷில்லிங். எளியோர் வாங்க இயலாது. சந்தா நூல்நிலையங்களே வாங்கி இரவல் தந்தன. அவ்வாண்டில் அம்முறை சிதைந்தது. ஒரே பாகமாக ஆறு ஷில்லிங் விலையில் நூல்கள் வரலாயின. இம்மாறுதலின் பயனை முழுதும் பெற்றது 1895-ல் மெதூன் கம்பெனியார் வெளியிட்ட சாத்தானின் துயரங்கள் என்னும் நாவல். வறுமையில் வாடும் எழுத்தாளன் ஒருவனுக்குத் திடீரென ஐம்பது லட்சம் பவுன் பிதிரார்ஜிதம் கிடைக்கின்றது. உடனே பேரழகனான ஓர் இளவரசன் நண்பனாக வந்து சேர்கின்றான். அவனே சாத்தான். மக்கள் தன்னை மறுத்துத் தள்ளுந்தோறும் சாத்தான் சுவர்க்கத்தை ஒருபடி அணுகுவான்; ஆனால் மறுப்பார் இல்லை; அதுவே அவன் துயரம். இந்நூல், அதுகாறும் எந்த ஆங்கில நாவலும் வெளிவந்த அளவிற் பெறாத விற்பனையைப் பெற்றதென்பர்.

இந்நூலின் முகப்பில் அம்மையார் ஓர் அறிவிப்பை அச்சிட்டார். மதிப்புரைக்கென எந்தப் பத்திரிகைக்கும் பிரதி அனுப்பப்படமாட்டாது. மதிப்புரைகாரர் மற்றையோர் போல் விலைகொடுத்து வாங்கிப் படிக்கலாம் என்பது அதன் கருத்து. பத்தாண்டு ஏளனத்திற்கு அவர் அளித்த விடை அது. புகழின் உச்சியில் அவர் நூல்கள் ஆண்டொன்றுக்குச் சராசரி 1,00,000 பிரதிகள் விற்றதாகக் கணக்கிட்டுள்ளனர். விக்டோரியா மகாராணியார் அவற்றை விரும்பிப் படித்தார். பிரதம மந்திரி பதவி வகித்த கிளாட்ஸ்டன் 1889-ல் அவர் இல்லம் தேடி வந்தார். 1902-ல் ஏழாம் எட்வர்ட் மன்னரின் முடிசூட்டு விழாவிற்கு அவர் அழைக்கப்பட்டார்.

நடுவுநிலையில் நின்று நோக்கின், புலவர் கூறிய குறைகள் முற்றும் பொய்யல்ல. அம்மையாரின் நடையில் அடைமொழிகள் மலிந்திருந்தன. கதையை நிறுத்திவிட்டு உபதேசம் செய்யும் வழக்கம் மிகுந்திருந்தது. கதைத்தலைவியர் பலர் அவரையே ஒத்திருந்தனர். சாத்தானின் துயரங்களில் வரும் தூய நாவலாசிரியையின் பெயர்க்கு முதலெழுத்துக்களும் அம்மையாரின் முதலெழுத்துக்களே என்பதைக் கண்டு பலர் நகைத்தனர். குறையைச் சுட்டியதோடு புலவர் நின்றிருப்பின் நன்று. அவர்களோ படித்து ஆறுதலுற்ற இலட்சக்கணக்கான மக்களையும் மூடரென்றனர். தையற்காரிகளும் கடைச்சிப்பந்திகளும் கண்ணீர்விட்டுப் படிக்கும் நூலில் நன்மை இராதென்பது அவர்கள் துணிபு. இது நூலாராய்ச்சியன்று, குலச்செருக்கு.

ஸ்டிராட்போர்டு வாழ்வு

1899-ல் அம்மையார் ஷேக்ஸ்பியர் பிறந்த ஊராகிய ஸ்டிராட்போர்டுக்குக் குடிபெயர்ந்தார். 1901 முதல் மேஸன் கிராப்ட் என்னும் பழைய மாளிகையில் வாழ்ந்தார். வெனிஸிலிருந்து ஓர் ஓடத்தைத் தருவித்து, அதற்குக் கனவு என்று பெயரிட்டு, ஏவன் ஆற்றில் உலாவினார். சிறு மட்டக்குதிரைகள் பூட்டிய வண்டியில் ஊரைச் சுற்றினார். இவற்றைக் கண்டு ஊரார் சிரித்தனர். ஆனால் அதே ஊருக்கு அவர் செய்த உபகாரம் சிரிக்கத்தக்கதன்று.

ஷேக்ஸ்பியர் பிறந்த இல்லத்தை அடுத்திருந்த பழைய வீடுகளை இடித்து, கார்னீகி என்னும் அமெரிக்கச் செல்வர் பொருளுதவியால் நூல்நிலையம் எழுப்ப 1903-ல் திட்டம் எழுந்தது. அம்மையார் பத்திரிகைகளில் எழுதி நாடெங்கும் கிளர்ச்சி செய்தார். அவர் நோக்கத்தையே பழித்து எழுதப்பட்டதன்மேல் மானநஷ்ட வழக்குத் தொடுத்தார். வழக்கில் வென்றார், கிடைத்த நஷ்ட ஈடோ ஒரு பென்னியில் நாலிலொரு பங்காகிய பார்த்திங் ஒன்றே! நாடு நகைத்தது. ஆயினும் திட்டம் மாற்றமடைந்தது. பழைய மரவீடொன்றைச் செப்பனிட்டே நூல்நிலையம் அமைக்கப்பட்டது. அம்மையார் கைப்பொருள் செலவிட்டும் பிற பழைய வீடுகளின் முகப்பைப் புதுக்கினார். ஹார்வர்ட் சர்வகலாசாலைக்குப் பெயரளித்த ஜான் ஹார்வர்டின் பாட்டனார் 1596-ல் கட்டிய வீடு பாழடைந்து கிடந்தது. சிகாகோ நகரச் செல்வரொருவரைக் கொண்டு அதனை வாங்குவித்து, பழைய வடிவிலே புதுக்கும் பணியைத் தாமே மேற்பார்த்து, 1909-ல் அச்சர்வகலாசாலைக்கு உரித்தாக்கினார். இன்று ஸ்டிராட்போர்டுக்கு வரும் யாத்திரிகர் வியந்து நோக்கும் பழைய மரவேலை வீடுகளுள் சில, இவ்வம்மையாரின் பிடிவாதத்தால் எஞ்சியவை.

அன்பும் ஏமாற்றமும்

காதலைப் பாடிய அம்மையார் தம் வாழ்வில் அதனைப் பெற்றாரல்லர். ஏறக்குறைய ஐம்பதாம் வயதில் மணமான ஓவியர் ஒருவர்பால் அவர் உள்ளம் சென்றது. அவ்வன்பு திரும்பப் பெறப்படவில்லை, மனக்கசப்பாக முடிந்தது. அத்துயரை அவர் எழுதிவைத்த நூல், அவர் மறைந்தபின் 1925-ல் வெளிவந்தது. புகைப்படம் எடுக்கவும் நெடுங்காலம் இசைந்திலர். பிறர் கற்பித்து வெளியிட்ட பொய்ப்படங்களைப் பொறாமல் 1906-ல்தான் ஒரு படத்தைத் தம் நூலிற் சேர்த்தார். அதுவும் இளமை தோன்றத் திருத்தப்பட்ட படமே. பிறப்பை மறைத்தவர் வயதை மறைக்க வேண்டியதாயிற்று. வயதை மறைத்தவர் முகத்தையும் மறைக்க வேண்டியதாயிற்று. தம் உழைப்பால் உயர்ந்த பெண்மணியாயிருந்தும், பெண்டிர் வாக்குரிமை கேட்டுப் போராடியதை 1907-ல் எழுதிய சிறு நூலில் கண்டித்தமை அவரிடம் நாம் காணும் மற்றொரு முரண்.

முதல் உலகப் போர் மக்கள் மனத்தை மாற்றியது. 1918-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், பங்கீட்டு விதிக்கு மாறாகச் சர்க்கரை சேமித்தாரென்று வழக்கிடப்பட்டு, 50 பவுன் அபராதம் விதிக்கப்பட்டார். பழப்பாகு காய்ச்சவே வாங்கியதாக அவர் கூறிய சமாதானம் ஏற்கப்படவில்லை. போர்முனைத் துன்பத்தைக் கண்ட புதிய தலைமுறையினருக்கு அவர் கதைகள் சுவைக்கவில்லை. எனினும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. 1921-ல் வெளியான நாவலில், ஒரு பெரும் நாட்டையே அழிக்கவல்ல நுண்சக்தியைக் கண்டுபிடித்த விஞ்ஞானியைப் படைத்தார். 1924-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ந் தேதி, அறுபத்தொன்பதாம் வயது நிரம்பும் தறுவாயில், மேஸன் கிராப்டில் உயிர்நீத்தார். ஸ்டிராட்போர்டு இடுகாட்டில் அவர் கல்லறைமேல் வானத்தைச் சுட்டி நிற்கும் சலவைக்கல் தேவதை ஒன்றுண்டு. 1941-ல் மறைந்த தோழியார் பெர்த்தாவும் அக்கல்லறையிலேயே அடக்கம் செய்யப்பட்டார். பொருள் குன்றியமையால் 1943-ல் வீட்டுச் சாமான்கள் ஏலத்தில் விற்கப்பட்டன. 1951 முதல் அம்மாளிகை பர்மிங்காம் சர்வகலாசாலையின் ஷேக்ஸ்பியர் ஆராய்ச்சி நிலையமாக விளங்குகின்றது. அவரை இகழ்ந்த கல்விமான்களின் வழிவந்தோர் இன்று அவர் வீட்டிலேயே பாடம் நடத்துகின்றனர்.

முடிவுரை

உடல் ஆன்மாவுக்கு ஓர் ஆடை. ஆன்மாவின் பெருமை அது கொண்ட அன்பினாலும் தூய்மையாலுமே அமைவது என்பதைத் தம் நூல்தோறும் வலியுறுத்தினார் கொரெல்லி அம்மையார். பிறப்பால் வரும் உயர்வு தாழ்வுக்கு அக்கொள்கையில் இடமே இல்லை. இதனை இலட்சக்கணக்கானோர் நம்பித் தேறினர். அவர் ஒருவர் மட்டும் தம்மளவில் அதனை நம்பும் துணிவு பெறாமல், பிறந்த செய்தியைப் புதைத்து வைத்துக் காவல் காத்தே வாழ்நாளைக் கழித்தார். தம் கைத்திறனால் தந்தையாரைத் தாங்கிய மகளுக்கு இத்தாலிய மரபுரிமை எதற்கு? ஆயினும் அவரைக் குறைகூறுமுன் நம் வீதிகளையும் நாம் நோக்க வேண்டும். சங்கங்கூட்டிக் குலப்பெருமை பேசும் நாம், பெற்றோர் செயலுக்காகப் பிள்ளைகளை விலக்கிவைக்கும் வழக்கம் நம்மிடையே அறவே ஒழிந்ததென்று சொல்லக்கூடுமா? அத்தகைய இல்லங்களில் எத்தனை சிறுவர் சிறுமியர் தம் அறிவையும் கலைத்திறனையும் வளர்க்க வேண்டிய வயதில் தம் பிறப்பை மறைக்கும் பொய்களை வளர்த்துக்கொண்டிருக்கின்றனரோ! நம் சங்கத்தார் மாணவர்க்குச் சம்பளம் அளிக்கும்போதும், திருமணம் பேசும்போதும், விழாக்களில் முன்னிருக்கை தரும்போதும் அச்சிறார்களை நினைவிற் கொள்வார்களாக. அவர்கள் பெயரை மாற்றிக்கொள்ளாமலே தலைநிமிர்ந்து நடக்கும் நாள் வருமாயின், அதுவே நம் குலத்திற்குப் பெருமை தரும்.